கேஸ் கிடங்கும் அந்த முதல் பத்து நிமிடமும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. கேஸ். வயிற்று கேஸ் இல்லைங்க, அடுப்பு கேஸ்.

உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிற சிவப்பு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அழுத்தத்தில் திரவமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். சரி, அது உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது? கப்பலிலோ, சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் குழாயிலோ வந்து, ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில், ஆயிரக்கணக்கான டன்னாக டேங்கில் காத்திருந்தது. அந்தக் கிடங்குகளில் கேஸ் வெளியே வந்தபோது என்ன நடந்தது, அதிலிருந்து உலகம் என்ன கற்றுக்கொண்டது என்பதுதான் இன்றைய கதை.

இதை எழுத ஒரு டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

தீக்காய வார்டில் டியூட்டி பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வார். உடம்பில் 80 சதவீதம் வெந்து வருகிறவர் பல நேரம் தெளிவாகப் பேசுவார். பெயர் சொல்வார், ஊர் சொல்வார், தண்ணீர் கேட்பார். "வலி அவ்வளவா இல்ல டாக்டர், சரியாயிடும்ல?" என்பார். தோல் ஆழமாக வெந்தால் வலியை உணர்த்தும் நரம்பும் சேர்ந்து வெந்துவிடும். அதனால்தான் வலி இல்லை. வெளியே நிற்கும் குடும்பம், "நல்லாத்தானே பேசுறார்" என்று நிம்மதியாக இருக்கும். எங்களுக்குத் தெரியும், அடுத்த சில நாட்கள் எப்படிப் போகும் என்று.

அதாவது, இந்த வகை விபத்தில் ஆஸ்பத்திரி என்பது கடைசி ஸ்டேஷன். உயிரைக் காப்பாற்றும் வேலை அதற்கு வெகு முன்னாடியே, கேஸ் வெளியே வந்த முதல் சில நிமிடங்களில், டாக்டர் இல்லாத இடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. வரலாறு நெடுக அப்படித்தான் இருக்கிறது.

முதலில் இந்தக் கேஸின் குணத்தைப் பார்த்துவிடுவோம். சுருக்கமாகத்தான்.

புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். அப்படியென்றால் நம்ம ஊர் வெயிலில் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. ஒரு லிட்டர் திரவம் சுமார் 270 லிட்டர் வாயுவாக மாறும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு தரையாகப் படரும். பள்ளம், சாக்கடை, அடித்தளம் எங்கெல்லாம் தாழ்வோ அங்கெல்லாம் போய் உட்காரும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 10 சதவீதத்துக்கு மேல் போனால் பற்றாது, ஆனால் அதை நம்பி நிற்கக் கூடாது. அந்த மேகத்தின் விளிம்பில் எங்கேயாவது 2-லிருந்து 10-க்குள் இருக்கத்தான் செய்யும்.

இப்போது பிரான்ஸுக்குப் போவோம். லியோன் நகரத்துக்குத் தெற்கே ஃபெய்ஸான் என்ற ஊர். 1966 ஜனவரி 4, செவ்வாய்க்கிழமை. இன்னும் விடியவில்லை.

அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலை. அதில் எட்டு உருண்டை டேங்குகள். நான்கில் புரொப்பேன், நான்கில் பியூட்டேன். புரொப்பேன் உருண்டை ஒவ்வொன்றும் சுமார் 1,200 கன மீட்டர். பக்கத்திலேயே நெடுஞ்சாலை.

டேங்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர் சேரும். அதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும், ஆய்வகத்துக்கு மாதிரியும் எடுக்க வேண்டும். அதற்காக உருண்டைக்கு அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வால்வு. முறை என்னவென்றால், மேல் வால்வை முதலில் முழுசாகத் திறக்கணும், கீழ் வால்வால் அளவைக் கட்டுப்படுத்தணும். ஏன் இந்த வரிசை? திரவம் வேகமாகப் பாயும்போது குளிர்ந்து, கூட இருக்கும் தண்ணீர் உறைந்து, வால்வு பனிக்கட்டியில் சிக்கிக்கொள்ளும். கீழ் வால்வு உறைந்தாலும் மேல் வால்வை மூடிவிடலாம் என்பதுதான் கணக்கு. இதற்கு முன்பும் அங்கே இந்த மாதிரி ஒழுகல் நடந்திருந்தது. அதனால்தான் அந்த விதியே இருந்தது.

அன்றைக்குக் காலை 6:40 வாக்கில் வேலை தலைகீழாக நடந்தது. கீழ் வால்வு முதலில் திறக்கப்பட்டது. பிறகு மேல் வால்வைத் திருகினால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. உள்ளே அடைப்பு. இன்னும் கொஞ்சம் திருகினார் அந்தத் தொழிலாளி. அடைப்பு விட்டது. புரொப்பேன் பீய்ச்சி அடித்து அவர் முகத்திலும் கையிலும் பட்டது. மைனஸ் 40 டிகிரி திரவம், அதுவும் ஒரு வகைத் தீக்காயம்தான். அனிச்சையாகப் பின்வாங்கியபோது மேல் வால்வின் கைப்பிடி கழன்று வந்துவிட்டது. திரும்ப மாட்ட முடியவில்லை. அதற்குள் வால்வு உறைந்தும் போய்விட்டது.

அங்கே இருந்த மூன்று பேரும் போன் எடுத்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்தாலோ பொறி வருமோ என்று பயந்து நடந்தே போய்த் தகவல் சொன்னார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பாருங்க, கேஸ் ஒழுகினால் தகவல் சொல்லப் பாதுகாப்பான ஒரு வழிகூட அங்கே இல்லை.

நெடுஞ்சாலையில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். சிறிய சாலை ஒன்று மிச்சம் இருந்தது. அதில் வந்த ஒரு கார், டேங்கிலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி, 7:15 வாக்கில் மேகத்துக்குள் நுழைந்தது. அதிலிருந்துதான் தீ பற்றியது என்று பின்னால் முடிவு செய்தார்கள். கார் ஓட்டியவர் தீக்காயத்தில் இறந்தார். தீ மேகத்தின் வழியே திரும்பி வந்து டேங்குக்கு அடியில் நின்று எரிய ஆரம்பித்தது.

தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். அப்போது அவர்கள் எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் இதயம். எரியும் உருண்டையின் மேல் பாதுகாப்பு வால்வு இருக்கிறது, அழுத்தம் கூடினால் அது திறந்துகொள்ளும், ஆகவே அதற்கு ஆபத்தில்லை, பக்கத்து உருண்டைகளை நனைத்துக் காப்பாற்றுவோம் என்று தண்ணீரைப் பெரும்பாலும் பக்கத்து டேங்குகள் பக்கம் திருப்பினார்கள். பாதுகாப்பு வால்வும் சொன்னபடியே திறந்தது. காலை 8:45 வாக்கில் உருண்டை வெடித்தது. மொத்தம் 18 பேர் இறந்தார்கள். அதில் 11 பேர் தீயணைப்பு வீரர்கள்.

பாதுகாப்பு வால்வு வேலை செய்தும் ஏன் வெடித்தது? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை செய்வார்கள், ஞாபகம் இருக்கா? காகிதக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்தியில் காட்டினால் காகிதம் எரியாது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் காகிதத்தில் தீ பட்டால் உடனே பற்றும். டேங்கும் அதேதான். திரவம் தொடும் இரும்பு தாங்கும். அதற்கு மேலே, வெறும் வாயு மட்டும் இருக்கும் பகுதியில் தீ பட்டால் இரும்பு காய்ந்து, சில நூறு டிகிரியில் வலுவை இழந்து இளகிவிடும். பாதுகாப்பு வால்வு அழுத்தத்தைத்தான் ஒரு அளவில் பிடித்து வைக்கும். இரும்பு பலவீனமானால் அந்த வழக்கமான அழுத்தமே போதும், கிழிந்துவிடும். கிழிந்த நொடியில் உள்ளே இருக்கும் திரவம் மொத்தமும் ஒரே மூச்சில் கொதித்து, வாயுவாகி, தீப்பந்தாக மேலே எழும்பும். தீயணைப்புத் துறையில் இதற்கு "பிளெவி" என்று பெயர். இன்னொன்று, திறந்த பாதுகாப்பு வால்வு வழியாகத் திரவ மட்டம் குறைந்துகொண்டே போகும். அதாவது காய்ந்த இரும்பின் பரப்பு கூடிக்கொண்டே போகும்.

சரி, ஃபெய்ஸானில் தப்பு யார்மேல்? வால்வை மாற்றித் திறந்த தொழிலாளி மேல் என்று சொல்வது ரொம்ப சுலபம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் துறையிலிருந்து ஒரு உதாரணம் சொல்றேன். ஆபரேஷன் தியேட்டரில் ஆக்சிஜன் சிலிண்டரும் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாற்றி மாட்டினால் நோயாளி போய்விடுவார். இதற்கு "டாக்டர் கவனமாக இருக்கணும்" என்று போர்டு எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு வாயுவுக்கும் சிலிண்டர் வாயில் துளைகள் வேற வேற இடத்தில், அதற்கேற்ற ஊசிகள் மெஷினில். தப்பான சிலிண்டரை மாட்ட முயன்றால் உட்காரவே உட்காராது. தூங்கி வழிகிறவர் மாட்டினாலும் சரியாகத்தான் மாட்ட முடியும்.

விடியாத குளிரில், டேங்குக்கு நேர் அடியில் குனிந்து நின்று, கழன்று வரக்கூடிய கைப்பிடியால், சரியான வரிசையில் திருகுவார் என்று ஒரு மனிதரை நம்பி ஒரு ஊரையே வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஒழுங்காகக் கட்டின கிடங்கில் வடிகால் குழாயின் இரண்டு வால்வுகளும் தள்ளித் தள்ளி இருக்கும், ஒன்று உறைந்தால் மற்றது உறையாதபடி. கீழே உள்ளது சின்னது. கைப்பிடி கழலாது. எல்லாவற்றுக்கும் மேல், தூரத்திலிருந்து பட்டன் அமுக்கி மூடும் வால்வு டேங்கின் வாயிலேயே இருக்கும். டேங்குக்கு அடியில் தரை சாய்வாக இருக்கும், ஒழுகினது அங்கேயே தேங்கி எரியாமல் ஓடிப்போக. டேங்கின் கால்களுக்குத் தீ தாங்கும் பூச்சு. இதெல்லாம் பெரும்பாலும் ஃபெய்ஸான் விட்டுச் சென்றவை.

ஆனால் ஒரு நாட்டில் படித்த பாடம் இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். ஏழு வருஷம் கழித்து, 1973 ஜூலை 5, அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், கிங்மேன் என்ற சின்ன ஊர். புரொப்பேன் கிடங்கில் ரயில் டேங்கரிலிருந்து இறக்கும் வேலை. இணைப்பில் ஒழுகல். இறுக்குவதற்காக ஸ்பேனரால் தட்டியிருக்கிறார்கள். தீ பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் சில நிமிடத்திலேயே வந்தார்கள், தண்ணீர் குழாயை இழுத்து இணைத்துக்கொண்டிருந்தார்கள். தீ பிடித்து சுமார் இருபது நிமிடத்தில் டேங்கர் வெடித்தது. 11 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், கிடங்குத் தொழிலாளி ஒருவரும்.

கிங்மேனை நான் இங்கே இழுத்து வந்ததற்கு இன்னொரு காரணம். அன்றைக்குக் காயம்பட்ட தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பக்கத்து நெடுஞ்சாலையில், முந்நூறு மீட்டர் தள்ளி, வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றிருந்தார்கள். முந்நூறு மீட்டர் நம் கண்ணுக்கு ரொம்ப தூரம். தீப்பந்தின் வெப்பத்துக்கு அது ஒண்ணுமே இல்லை. தீ தொடணும் என்று அவசியம் இல்லை, அனல் மட்டுமே தோலைக் கொப்புளமாக்கிவிடும். அன்றைக்குக் கையில் செல்போன் இல்லாத காலம். இன்றைக்கு நம்ம ஊரில் டேங்கர் கவிழ்ந்தால் எத்தனை பேர் வீடியோ எடுக்க நிற்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்கப்புறம் 1984. மெக்சிகோ.

போபால் எல்லாருக்கும் தெரியும். 1984 டிசம்பர் 2-3 இரவு. அதற்குச் சரியாக இரண்டு வாரத்துக்கு முன்னால், நவம்பர் 19, திங்கட்கிழமை காலை, மெக்சிகோ நகரத்தின் வடக்கு விளிம்பில் சான் ஹுவானிகோ என்ற இடத்தில் நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. போபாலின் நிழலில் அது மறைந்துபோனது.

அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸின் கேஸ் கிடங்கு அது. ஆறு உருண்டை டேங்குகள், 48 நீள உருளை டேங்குகள். அன்றைக்கு உள்ளே இருந்தது சுமார் 11,000 கன மீட்டர். கிடங்கு 1960-களின் ஆரம்பத்தில் வந்தபோது சுற்றிலும் காலி இடம். அப்புறம் கிராமத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள் குடியேறினார்கள். 1984-ல் கிடங்குக்கு 130 மீட்டரிலேயே வீடுகள். கையில் காசு இல்லாதவர்களுக்கு வேறு எங்கே இடம் கிடைக்கும்? உலகம் முழுக்க ஆபத்தான ஆலைக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

அன்றைக்குக் காலை 5:40-க்குச் சற்று முன்னால், 8 அங்குலக் குழாய் ஒன்று உடைந்தது. கட்டுப்பாட்டு அறையில் அழுத்தம் இறங்குவது தெரிந்தது. ஏன் இறங்குகிறது என்று தெரியவில்லை. கேஸ் ஒழுகுவதைக் காட்டும் கருவி அங்கே இல்லை. ஐந்திலிருந்து பத்து நிமிடம் கேஸ் வந்துகொண்டே இருந்தது. 200 மீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். ஒரு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு வெள்ளை மேகம். அது நகர்ந்து, அந்தக் கிடங்கின் கழிவு வாயுவை எரிக்கும் சுடரையே போய்த் தொட்டது.

5:45-க்கு முதல் பெரிய வெடிப்பு. அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக டேங்குகள் வெடித்துக்கொண்டே இருந்தன. பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கக் கருவியில் அந்த அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. எந்த டேங்க் எப்போது வெடித்தது என்ற நேரக்கணக்கே அதை வைத்துத்தான் எழுதப்பட்டது. டன் கணக்கான உருளைகள் ராக்கெட் மாதிரிப் பறந்தன, ஒன்று 1,200 மீட்டர் தள்ளி விழுந்தது. தீயணைக்கும் தண்ணீர் அமைப்பு முதல் வெடிப்பிலேயே சிதைந்துவிட்டது. தப்பிக்க ஓடிய மக்களால் சாலை அடைபட்டு, உள்ளே வர வேண்டிய உதவி வெளியே நின்றது.

இறந்தவர்கள் 500-க்கு மேல். சரியான எண்ணிக்கை கடைசிவரை கிடைக்கவில்லை, ஏனென்றால் பலர் வீட்டோடு சேர்ந்து போய்விட்டார்கள், எண்ணுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அடையாளம் தெரியாத உடல்களை ஒன்றாகப் புதைத்தார்கள். காயம்பட்டவர்கள் ஏழாயிரம் அளவில்.

இப்போது ஒரு டாக்டராக நான் இந்த எண்ணிக்கையைப் பார்க்கிறேன். நீங்களும் என்கூடச் சேர்ந்து ஒரு கணக்குப் போடுங்க.

கடுமையான தீக்காயத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். முதல் 24 மணி நேரத்தில் அதை ஈடுகட்டாவிட்டால் ரத்த ஓட்டம் விழுந்து, சிறுநீரகம் நின்றுவிடும். எவ்வளவு ஏற்றணும் என்பதற்கு ஒரு தொடக்கக் கணக்கு உண்டு. எடை கிலோவில், வெந்த பரப்பு சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி நான்கு மில்லி. 60 கிலோ ஆளுக்கு 40 சதவீதம் என்றால் 9,600 மில்லி. கிட்டத்தட்ட பத்து லிட்டர். அதில் பாதி, காயம்பட்டதிலிருந்து முதல் எட்டு மணி நேரத்துக்குள். ஒருவருக்கு! இப்படி அறுநூறு பேர் என்றால் முதல் நாளைக்கு மட்டும் 5,700 லிட்டருக்கு மேல் டிரிப். அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனி அறை, தினமும் டிரஸ்ஸிங், தோல் ஒட்டு, கிருமித் தொற்றோடு வாரக்கணக்கில் போராட்டம். உள்மூச்சில் அனல் போயிருந்தால் வென்டிலேட்டர்.

மெக்சிகோ நகரம் சாதாரண ஊர் இல்லை. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தன. கடுமையான தீக்காயக்காரர்களை முப்பதுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அங்கே டாக்டர்களும் நர்ஸ்களும் செய்த வேலை மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரி வாசலையே பார்க்கவில்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழாய் உடைந்த முதல் நிமிடத்திலேயே ஒரு கருவி கத்தியிருந்தால், ஒரு வால்வு தானாக மூடியிருந்தால், மேகம் அந்தச் சுடர் வரைக்கும் போயிருக்காது. விசாரித்த நிபுணர்களும் இதையேதான் சொன்னார்கள்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1997 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை. விசாகப்பட்டினம், இந்துஸ்தான் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலை. கப்பலிலிருந்து கேஸ் உருண்டை டேங்குகளுக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒழுகல், மேகம், தீ, வெடிப்பு. 60 பேர் அளவில் இறந்தார்கள். பல ஆயிரம் பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள்.

ஒன்று கவனிச்சீங்களா? ஃபெய்ஸான், சான் ஹுவானிகோ, விசாகப்பட்டினம், மூன்றும் விடியற்காலை. இது வெறும் தற்செயல்னு எனக்குத் தோணலை. அந்த நேரத்தில் காற்று அசையாது, தரை குளிர்ந்திருக்கும், கனமான வாயு கலையாமல் தேங்கி நிற்கும். வேலையில் ஆளும் குறைவு, இருப்பவருக்கும் இரவு முழுக்க முழித்த கண். நைட் டியூட்டி பார்க்கிற எங்களுக்கு அந்த ஐந்து மணி மூளை எப்படி இருக்கும்னு தெரியும்.

விசாகப்பட்டினத்துக்குப் பிறகு நம்ம நாட்டில் ஒரு நல்ல மாற்றம் வேகம் பிடித்தது. டேங்கைத் தரைக்கு மேலே நிறுத்தாமல், நீள உருளையாகச் செய்து, மேலே மண்ணும் மணலும் மூடி ஒரு மேடு மாதிரி ஆக்கிவிடுவது. பார்ப்பதற்குப் புல் முளைத்த கரை மாதிரி இருக்கும். ஃபெய்ஸானில் என்ன பிரச்சினை? காய்ந்த இரும்பில் தீ பட்டதுதானே. மண்ணுக்குள் இருக்கும் இரும்பை எந்தத் தீ தொடும்? இவ்வளவு எளிய யோசனை. இன்னொரு வழி, பாறைக்குள்ளேயே குகை குடைந்து அதில் சேமிப்பது. அதே விசாகப்பட்டினத்தில் 60,000 டன் கொள்ளும் நிலத்தடிக் குகை 2007-ல் செயல்பாட்டுக்கு வந்தது. மேலே இருக்கும் நிலத்தடி நீரின் அழுத்தமே கேஸை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்.

மேடு போட்டாலும் குழாய், பம்ப், லாரி ஏற்றும் இடம் எல்லாம் வெளியேதான் இருக்கும். அங்கே ஒழுகலாம். அதனால் கேஸ் உணரும் கருவி, தூரத்தில் இருந்து மூடும் வால்வு, தண்ணீர்த் திரை, இந்த மூன்றும் ஓடும் நிலையில் இருக்கணும். "இருக்கணும்" என்பது வேறு, "ஓடும் நிலையில்" என்பது வேறு. ஆஸ்பத்திரியில் டிஃபிப்ரிலேட்டர் இருக்கும், பேட்டரி இருக்காது பாருங்க, அந்தக் கதை ஆகிவிடக் கூடாது.

தண்ணீர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். எரியும் கேஸை அணைக்க இல்லை. வால்வை மூட முடியாத நிலையில் தீயை மட்டும் அணைத்தால், கேஸ் மறுபடி மேகமாகச் சேர்ந்து இன்னும் மோசமாகப் பற்றும். டேங்கைக் குளிர வைக்கவும், இன்னும் பற்றாத மேகத்தைக் கலைக்கவும்தான் தண்ணீர். டேங்க் நேரடியாகத் தீயில் வேகும்போது போதுமான தண்ணீர் உடனே இல்லையென்றால், சரியான முடிவு எல்லாரும் விலகி ஓடுவதுதான். தீயணைப்பு வீரருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். கிங்மேனுக்குப் பிறகு உலகம் முழுக்கத் தீயணைப்புப் பயிற்சியில் இது உண்டு.

நம்ம கோயம்புத்தூரில் 2025 ஜனவரி 3 அதிகாலை நடந்தது ஞாபகம் இருக்கும். கொச்சியிலிருந்து வந்த கேஸ் டேங்கர், சுமார் 18 டன், அவினாசி ரோடு மேம்பாலத்தில் கவிழ்ந்து ஒழுக ஆரம்பித்தது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்தான் ஜெய்ப்பூரில் கேஸ் டேங்கர் மோதித் தீப்பிடித்துப் பலர் கருகியிருந்தார்கள். கோவையில் என்ன செய்தார்கள்? தீயணைப்புத் துறையினர் விடாமல் தண்ணீர் பீய்ச்சினார்கள், சாலையை மூடினார்கள், சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், கம்பெனி நிபுணர்களை வரவழைத்துப் பொறுமையாக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். பல மணி நேர வேலை. பற்றவில்லை. இரண்டு நாளில் எல்லாரும் மறந்துவிட்டோம். ஒன்றும் நடக்காத விபத்து நம் மனதில் நிற்பதில்லை. ஆனால் எனக்குக் கேட்டால், அந்த நாள் பாடப்புத்தகத்தில் வர வேண்டியது.

கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சட்ட விஷயம். போபாலுக்குப் பிறகு 1989-ல் வந்த அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகளின்படி, ஆலைக்குள் என்ன செய்வது என்ற திட்டத்தை நிறுவனமும், ஆலைக்கு வெளியே ஊர் என்ன செய்வது என்ற திட்டத்தை மாவட்ட நிர்வாகமும் வைத்திருக்கணும். ஒத்திகை நடத்தணும். பாதிக்கப்படக்கூடிய மக்களிடம் என்ன ஆபத்து, சைரன் அடித்தால் என்ன செய்யணும் என்று முன்கூட்டியே சொல்லணும். உங்கள் ஏரியாவில் சொல்லியிருக்கிறார்களா? சைரன் சத்தம் எப்படி இருக்கும், எந்தப் பக்கம் நடக்கணும் என்று தெரியுமா? தெரியாதென்றால் கவுன்சிலரிடமோ கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலோ கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை. பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தத் திட்டத்தில் உங்கள் ஆஸ்பத்திரி பெயர் இருக்கிறதா, எத்தனை தீக்காயப் படுக்கை என்று எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை வாங்கிப் படித்துப் பாருங்க.

கடைசியாக, கமெண்டில் எப்படியும் கேட்பீங்க, அதனால் இப்பவே சொல்லிடறேன்.

வீட்டில் வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் போடாதீங்க, அணைக்கவும் செய்யாதீங்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணுங்க. கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கண்டுபிடிக்க வசதியாக மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும், "வாடை போயிடுச்சு" என்று நம்பி உள்ளே நிற்காதீங்க. வெளியே தரையோடு வெள்ளைப் புகை மாதிரி படர்வதைப் பார்த்தால், அதன் குறுக்கே போகாமல், காற்று வரும் திசையை நோக்கி, மேடான பக்கமாக நடங்க. வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

தீக்காயம் பட்டால் இருபது நிமிடம் ஓடும் சாதாரணத் தண்ணீர். பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசை வீக்கம் வருவதற்குள் கழற்றிடுங்க. பரப்பு பெரிசா இருந்தா, குழந்தையா இருந்தா, ரொம்ப நேரம் நனைக்காம சுத்தமான துணியால் மூடி உடனே ஆஸ்பத்திரி. குளிர் திரவம் பட்டு வெளுத்துப்போன இடத்தைத் தேய்க்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்க. ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீங்க, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.